முகத்தைத் தடவிப் பார்க்கும் நாயகி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது நிமிடக் குறும்படம் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன், திரைக்கதையை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாயகிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் தொலைபேசி வேலை. ஒரு மழை இரவில் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன் அறிமுகமாகிறான். அவன் முகத்தைத் தடவிப் பார்த்து அவனை அறிந்துகொள்கிறாள். கடைசியில் கண் தானம் கிடைக்கிறது. கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்ப்பது அவனை.

பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல என்னை மாதிரி ஒருத்தரும் இல்லையேப்பா" என்றார். நான் யாரையும் கேலி செய்யவில்லை, மரியாதையோடுதான் எழுதியிருக்கிறேன். படைப்புச் சுதந்திரம் என்று ஒன்று இல்லையா? தவறு என்றால் எங்கே? நடிகையை எப்படித் தயார் செய்வது? திரையில் நடப்பதைப் பார்வையற்றோருக்குக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பைப் படத்துக்குச் சேர்க்கவும் ஆசை. எடுத்து முடித்தபிறகு செய்துகொள்ளலாம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுதந்திரம் தாராளமாக இருக்கிறது. 2024 ஜூலை 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர் நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், காட்சி ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது பற்றிச் சில வழிகாட்டு நெறிகளைச் சொன்னது. அதில்கூட நகைச்சுவைக்குத் தடை இல்லை. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது, அவர்களைப் பற்றி எடுக்கும்போது அவர்களையும் கலந்துகொள்ளச் சொன்னது, அவ்வளவே. உங்கள் நண்பரும் எதையும் தடுக்கவில்லை. திரைக்கதை சரியில்லை என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இருபது நிமிடத்தில் உங்கள் நாயகி என்னென்ன செய்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தடவுகிறாள், அழுகிறாள், கண் திறக்கிறாள். அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு எப்படி வந்தாள்? எந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடித்தாள்? வேலையில் கணினியை எப்படி இயக்குகிறாள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த 'எப்படி'யில்தான் கதாபாத்திரம் இருக்கிறது.

மழைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவள் கையில் வெள்ளைக்கோல் இருக்கும். நிறுத்திப் பார்த்தால் தரையிலிருந்து நெஞ்சுக்குழி வரை வரும், வேகமாக நடப்பவர்கள் அக்குள் வரைகூட வைத்துக்கொள்வார்கள். இடுப்புயரக் கோலை நடிகையிடம் கொடுத்தால் அது ஊன்றுகோலாகிவிடும், அவளும் தன்னையறியாமல் கூன் போடுவாள். பிடிக்கும் கை உடம்பின் நடுவில், தொப்புளுக்கு நேராக. வலக்கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொடும், இடக்கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவைக்கிறது என்பதுதான் கணக்கு. வீச்சு தோள் அகலத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல், தரையிலிருந்து எழும்புவது ஓர் அங்குலம். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1940-களில் வகுத்த முறை இது. திரையில் நாம் பார்ப்பதோ பெரும்பாலும் வாள்வீச்சு. படிக்கட்டிலும் நெரிசலிலும் பிடி மாறும்: கோலைச் செங்குத்தாக, பேனா பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். கோலுக்கு இடுப்புக்கு மேல் எதுவும் தெரியாது. தாழ்ந்த மரக்கிளை, லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, நடைபாதையில் சாய்த்துக் கட்டிய பலகை எல்லாம் நேராக நெற்றிக்குத்தான் வரும்.

இந்தக் காட்சியில் மழையை ரம்மியத்துக்காக வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு அது இரைச்சல். வண்டி வரும் திசை, சுவர் முடியும் இடம், ஆள் நகர்வது எல்லாம் காதால் பிடிக்க வேண்டியவை. மழை அத்தனையையும் மூடிவிடும். குடை பிடித்தால் ஒரு கை போச்சு, தலைக்கு மேல் தடதடவென்று சத்தம் வேறு. தலைமூடி வைத்த மழைக்கோட்டு காதை அடைக்கும். ஆகவே நனைந்துகொண்டே நிற்பாள். அவளுக்கு அபூர்வமான செவித்திறன் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இருப்பது எல்லோருக்கும் உள்ள காதுதான், பழக்கத்தால் கூர்மையான கவனம்.

சரி, அவள் பக்கத்தில் நிற்பவனிடம் வண்டி எங்கே என்று கேட்கிறாள். அவன் கையை நீட்டி "அதோ அங்க நிக்குது பாருங்க" என்கிறான். சொன்ன பிறகுதான் உறைக்கிறது. "உங்க வலது கைப் பக்கம், பத்தடி" என்று திருத்துகிறான். அடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான், அவள் கையை விடுவித்துக்கொண்டு அவன் முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்கிறாள். வழிகாட்டுவதற்கு அதுதான் முறை: பார்வையற்றவர் பிடிப்பார், அரை எட்டு பின்னால் நடப்பார், கூட்டிப்போகிறவரின் உடல் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பிடியிலேயே தெரிந்துவிடும். படி வந்தால் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்ல வேண்டும். வெறும் "படி" என்றால் பாதித் தகவல்தான். குறுகலான இடத்தில் அவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவள் வரிசையாகப் பின்னால் வந்துவிடுவாள். ஒருவன் பழகக்கூடியவனா என்பது இந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். முகத்தைத் தடவத் தேவையே இல்லை. அறிமுகமில்லாதவர் முகத்தை யாரும் தடவுவதில்லை, அது சினிமாவில் பிறந்து சினிமாவிலேயே வளர்ந்த வழக்கம்.

இன்னொன்று. அந்தக் காட்சியில் அவள் முகத்தில் கைபேசி வெளிச்சம் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், பயன்படுத்துபவர்களில் பலர் திரையையே அணைத்துவைத்திருப்பார்கள். பேட்டரிக்கும் நல்லது, பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப்பார்க்கவும் முடியாது. கறுத்த கண்ணாடி மேல் ஒரு விரல் வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போகும், வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு. ஒரு காதில் மட்டும் இயர்போன், மறு காது தெருவுக்கு. உள்ளே ஓடும் குரலின் வேகம் பழகாதவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. ஒளிப்பதிவாளர் முகம் சுளிப்பார், ஆனால் பார்வையாளர் ஒருபோதும் பார்த்திராத படிமம் உங்களுக்குக் கிடைக்கும்.

நாயகிக்கு நீங்கள் கொடுத்த வேலையிலேயே கதையும் இருக்கிறது, அதைத்தான் தாண்டிப் போய்விட்டீர்கள். சேவை மையத்தில் அவளுக்கு ஒரு காதில் வாடிக்கையாளர், மறு காதில் திரைவாசிப்பான். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டபடி தட்டச்சு செய்வாள். ஒரு திங்கட்கிழமை நிறுவனம் மென்பொருளை மாற்றுகிறது. புதிய திரையில் எல்லாம் அழகான படக்குறிகள், ஒன்றுக்கும் எழுத்தில் பெயர் இல்லை. திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறது. எது சேமிப்பது, எது அழிப்பது? நேற்றுவரை அணியில் முதலாவதாக இருந்தவள் இன்று கடைசி. அவள் கண்ணில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. மேலாளர் கனிவானவர், "உங்களுக்கு வேற வேலை பாத்துத் தரேன்" என்கிறார். மென்பொருள் எழுதியவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சொல்லில் பெயரிட்டிருந்தால் முடிந்திருக்கும். அதை அவள் எப்படிக் கேட்டு வாங்குகிறாள் என்பதற்கு இருபது நிமிடம் பத்தாது.

அதை எடுத்துக்கொண்டால் கண் தான முடிவு தானாக உதிர்ந்துவிடும். உதிரவில்லை என்றால் நீங்களே பிடுங்கிவிடுங்கள். தானமாகக் கிடைப்பதில் பார்வைக்குப் பயன்படுவது கருவிழி, அதாவது கண்ணின் முன்புறக் கண்ணாடி. அது மங்கியதால் பார்வை போனவருக்கே பயன். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டிருந்தால் எத்தனை கருவிழி பொருத்தினாலும் பலனில்லை. பொருத்திய பிறகும் கட்டுப் பிரித்த நொடியில் தெளிவு வராது, மங்கலாகத் தொடங்கிச் சீராக மாதக்கணக்கு ஆகும். எல்லாவற்றுக்கும் மேல், பிறவியிலேயே பார்க்காதவருக்கு வளர்ந்தபின் பார்வை கிடைத்தாலும் கண் அனுப்புவதை மூளை உடனே படித்துவிடாது. நிறமும் அசைவும் தெரியும், தூரம் குழப்பும், முகங்களைப் பிரித்தறிவது கடினம். எதிரே நிற்பவன் வாயைத் திறந்து பேசினால்தான் அவன் என்று அவளுக்குத் தெரியும்.

நடிகை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பார்வையற்ற நடிகைகளைத் தேடுங்கள். காது கேளாத மார்லீ மாட்லின் 1987-இல் ஆஸ்கர் வாங்கினார், அடுத்த காது கேளாத நடிகரான டிராய் கோட்சர் வாங்கியது 2022-இல். நடுவில் 35 ஆண்டுகள் திறமை வற்றிப்போய்க் கிடந்தது என்று நான் நம்பவில்லை, கூப்பிடவில்லை என்பதுதான் காரணம். படப்பிடிப்பில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் மெல்லிய கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால் கால் கண்டுபிடித்துக்கொள்ளும். முந்தின நாளே செட்டை ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். டேக்குகளுக்கு நடுவே நாற்காலியை நகர்த்தினால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பார்வையுள்ளவர்தான் நடிக்கிறார் என்றால் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுக்காதீர்கள். கண் கட்டினால் கிடைப்பது பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் பதற்றம். உங்கள் நாயகிக்கு இருபது வருடப் பழக்கம். பார்வையற்றோருக்குக் கோலோடு நடமாடக் கற்றுத்தரும் பயிற்சியாளரிடம் ஒரு வாரம் அனுப்புங்கள். விட்டத்தைப் பார்க்கும் வெறித்த பார்வையும் வேண்டாம், பலர் குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் பேசுவார்கள். கறுப்புக் கண்ணாடிக்குக் காரணம் இருந்தால் போடுங்கள், வெளிச்சம் கூசுபவர்கள் போடுவார்கள். முழு இருட்டில் இருப்பவர்கள் பார்வையற்றோரில் சிறு பகுதிதான், மற்றவர்களுக்கு ஒளியோ நிழலோ நடுவில் ஒரு துளியோ தெரியும். நாயகிக்கு எவ்வளவு தெரியும் என்பதை முடிவுசெய்து படம் முழுக்க மாறாமல் பாருங்கள். வசனத்தில் 'பார்' என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம், அவர்களும் படம் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள்.

ஒலி விவரிப்பை எடுத்து முடித்தபின் சேர்க்கலாம், ஆனால் அதற்கு இடம் இருக்காது. வசனத்தின் மேல் விவரிப்பு ஏறக்கூடாது, இடைவெளியில்தான் உட்கார வேண்டும். பத்து வினாடிக்கு இருபது சொல் என்றாலே கேட்பவருக்கு மூச்சு முட்டும். முக்கியமான அசைவுக்கு முன்போ பின்போ மூன்று நான்கு வினாடி அமைதியைத் திரைக்கதையிலேயே வையுங்கள். எழுதும்போது நிகழ்காலத்தில், கண்ணில் தெரிவதை மட்டும். "அவள் வருத்தமாக அமர்ந்திருக்கிறாள்" என்றால் நீங்களே முடிவுசொல்லிவிட்டீர்கள். "கோலை மடக்குகிறாள். பிரிக்கிறாள். மறுபடி மடக்குகிறாள்" என்றால் கேட்பவர் முடிவுசெய்துகொள்வார். மடக்குக் கோலுக்குள் எலாஸ்டிக் கயிறு ஓடும், விட்டதும் துண்டுகள் டக் டக்கென்று சேரும். அந்தச் சத்தத்தை நன்றாகப் பதிவுசெய்தால் பாதி விவரிப்பே தேவைப்படாது. கதவு சாத்தும் ஓசை கேட்கும்போது "கதவு சாத்தப்படுகிறது" என்று சொல்லி வினாடியை வீணாக்காதீர்கள். காது கேளாதோருக்கான வசன வரிகளில் நேர்மாறு: யார் பேசுகிறார், என்ன ஓசை என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

அடுத்த வரைவை நண்பருக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். அவரே, அவருடைய வேகத்தில், திரும்பத் திரும்பக் கேட்கட்டும். ஆலோசகராகச் சம்பளம் பேசுங்கள், பெயரும் போடுங்கள். தாள்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் அனுப்பினாலோ திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் உங்கள் தமிழ் அவருக்கு ஆங்கில எழுத்துகளின் உளறலாகக் கேட்கும். யூனிகோடுக்கு மாற்றி, வேர்டு கோப்பாக, காட்சி எண்களைத் தலைப்புகளாகக் குறித்து அனுப்புங்கள். ஏழாம் காட்சிக்கு ஒரே தாவலில் போய்விடுவார்.