உடன்பிறந்த இருவருக்கும் ராபர்ட் என்ற பெயரா?

ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் வம்சாவளிப் படத்தில் உடன்பிறந்த இருவருக்கும் ராபர்ட் என்றே பெயர் இருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தில் பிழையில்லை: ஸ்காட்லாந்தின் மூன்றாம் ராபர்ட்டும் ஆல்பனி கோமகன் ராபர்ட்டும் உடன்பிறந்தவர்களே. மூத்தவரின் இயற்பெயர் ஜான். 1390இல் முடிசூடியபோதுதான் ராபர்ட் ஆனார். இங்கிலாந்து அரசருக்குப் பணிந்த முந்தைய ஸ்காட்லாந்து மன்னர் ஜான் பேலியலின் நினைவைத் தவிர்க்கவே பெயரை மாற்றினார் என்பது பொதுவான விளக்கம்.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பட்டங்கள்தாம். 1388இல் குதிரை உதைத்து ஜான் முடமானபின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற "ஃபைஃப் பிரபு" இளையவரே. அவர் ஆல்பனி கோமகனானது 1398இல்.

சரிபார்க்க, ஒவ்வொரு பதிவிலும் பெயரை விட்டுவிட்டு ஆண்டையும் பட்டத்தையும் பாருங்கள். 1390க்கு முன் "கேரிக் பிரபு ஜான்" என்றிருந்தால் அவர் பின்னாளைய மன்னர். 1406இல் அம்மன்னர் இறந்தபோது, வாரிசான ஜேம்ஸ் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்ததால், ஆல்பனியே ஆளுநராகி 1420இல் இறக்கும்வரை நாட்டை ஆண்டார். தம் மகன் மர்டாக்கை அதே இங்கிலாந்திடமிருந்து மீட்ட அவர், ஜேம்ஸை மீட்காமலே காலம் கடத்தியதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: 1420க்குப் பிந்தைய "ஆல்பனி" மர்டாக், 1425இல் தலை வெட்டப்பட்டவர் அவரே, தந்தை அல்லர்.