பவளக் குட்டிக்கு ஏர்கோன் பகையா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாசில் அடுக்குமாடி வீடு. 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் 20 சென் காசு அளவுப் பவளத் துண்டுகள் நான்கு வைத்திருக்கிறேன். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், தண்ணீர் 30 டிகிரி. இரவில் ஏர்கோன் போட்டால் 26. துண்டுகள் வெளிறுகின்றன. இந்த ஏற்ற இறக்கம்தான் காரணமா?

பதில்: ஏர்கோன் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், கடல் வற்றும் நேரத்தில் தேங்கும் குட்டைகள் மதியம் 34 டிகிரியைத் தாண்டும். ஒரே நாளில் 6 டிகிரி வரை ஏறி இறங்கும். அங்கே வளரும் பவளம், ஒரே சூட்டில் இருக்கும் பவளத்தைவிட வெப்பத்தைத் தாங்குகிறது. காய்ந்தாலும் அடுத்த கடல் ஏற்றத்தில் ஆறிவிடுகிறதே!

வெளிற வைப்பது இறங்காத சூடு. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிதான் அதற்கு நிறமும் சோறும். சூடும் பலத்த வெளிச்சமும் சேர்ந்தால் பாசி நஞ்சைக் கக்கும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். கடலில், கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றாலே போதும். 2010இல் அப்படித்தான் பவளம் வெளிறி, மலேசியாவின் தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மூடினார்கள்.

அதற்காக உங்கள் தொட்டியும் ஓஃபுவும் ஒன்றாகிவிடாது. அந்தப் பவளங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவை. உங்களுடையவை வெட்டுக் காயம் ஆறாத குட்டிகள், கையிருப்புக் கொழுப்பும் குறைவு.

முதலில் நீங்கள் சொல்லும் வெப்ப அளவு சரிதானா? கண்ணாடியில் ஒட்டும் பட்டைமானி பாதி அறைக் காற்றைத்தான் சொல்லும். தண்ணீருக்குள் முனை போகும் மானி வாங்கி, ஒரு வாரம் மாலை 3 மணிக்கும் நள்ளிரவிலும் எழுதி வையுங்கள். உச்சம் உண்மையில் 30தான், இரவில் இறங்குகிறது என்றால் வெளிச்சத்தையும் உப்பையும் சந்தேகப்படுங்கள். 31ஐத் தாண்டினால் விளக்கு நேரத்தை மாலை 5 முதல் நள்ளிரவு வரை மாற்றுங்கள். சூடும் வெளிச்சமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாது. செலவே இல்லாத வைத்தியம் இது. ஏனோ பலர் நேரே சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) விலை விசாரிக்கப் போகிறார்கள்.

தண்ணீர் மேல் சிறு விசிறி வைத்தாலும் குளிரும். ஆனால் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குச் சுத்திகரித்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு நீர் வேண்டாம். ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள்.

வெளிறியும் பாலிப் (பவளத்தின் சிற்றுயிர்) விரல் நீட்டினால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால், அந்தத் துண்டை அன்றே தனியாக எடுத்துவிடுங்கள்.