கணினிப் பட்டத்துடன் மூளை ஆய்வுக்குச் செல்லலாமா?

வணக்கம். திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் தாங்கள், உயிரியல் படிக்காதவரை மூளை, அறிகை (சிந்தனை, நினைவு போன்ற மனச் செயற்பாடுகள்) ஆய்வு நிறுவனங்கள் ஏற்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஏற்கும், 1994இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் இரு பல்கலைக்கழகங்கள் கூட்டாகத் தொடங்கிய மையம் போன்றவை, கணிதம், கணினி, உளவியல் பயின்றவர்களை ஒரே ஆய்வில் இணைப்பதற்கென்றே உருவானவை.

திருகோணமலையில் அத்தகைய ஆய்வுகூடம் இல்லையே என்று தயங்காமல், ஓப்பன்நியூரோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூளையின் மின் அலைப் பதிவொன்றைத் (EEG) தரவிறக்கி, கண் இமைக்கும்போதெல்லாம் நெற்றியில் பொருத்திய மின்வாய்களில் எழும் பெரிய மேட்டை, மூளையின் மெல்லிய அலைகள் சிதையாதவாறு பைதன் நிரலால் நீக்கிப் பாருங்கள். (முதன்முறை நான் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டேன்.) நீக்குவதற்கு முன்னும் பின்னுமான வரைபடங்களை இணைத்து, மேற்பார்வையாளராக வரக்கூடிய பேராசிரியருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். நரம்பியல் பாடங்களை அங்கு சேர்ந்த பின்னரும் படிக்கலாம்.