பதில்: அம்மாவின் இடுப்பு வலியும் குட்டையாகத் தெரியும் காலும்

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு நாள்பட்ட வலது இடுப்பு வலி, வலது கால் குட்டையாகத் தெரிகிறது, செருப்பில் குதிகால் கட்டை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு வைக்காதீர்கள்.

எலும்பே குட்டையா, இல்லை இடுப்பு சாய்ந்ததால் அப்படித் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை டேப்பால் அளப்பார்கள். வலிக்கிற கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறதோ, நல்ல காலையும் அதே கோணத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். அப்புறம் கால்களை இணையாக வைத்து, தொப்புளிலிருந்து அதே இடம் வரை அளப்பார்கள். முதல் அளவு இரு பக்கமும் ஒன்றாக இருந்து இரண்டாவது மட்டும் மாறினால், எலும்பில் குறையில்லை, சாய்வுதான். தொடையின் உள்பக்கத் தசை இறுகினாலே அந்தப் பக்க இடுப்பு மேலேறிவிடும். அதற்குப் பயிற்சிதான் வேண்டும், கட்டை இல்லை.

நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள், சரிவான வாசலில் வேண்டாம், சமதளத்தில். குட்டைக் காலுக்கடியில் மெல்லிய பலகைகளை அடுக்கி, எத்தனை உயரத்தில் இடுப்பு சமமாகிறது என்று பார்ப்பார்கள். பாதம் தட்டையாகியிருக்கிறதா என்பதையும் கவனிக்கட்டும்.

மூட்டுத் தேய்மானம் இருந்தால் கால் நிஜமாகவே குறையும், அதனால் எக்ஸ்ரே அவசியம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ, காலை ஊன்ற முடியாத வலியோ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.