மேலாளர் பதவியை நீக்கியும் எல்லா முடிவும் நிறுவனரிடமே போகிறதா?

யாருக்குக் கீழ் யார் என்று காட்டும் அமைப்பு வரைபடத்தை மறுபடி திருத்த வேண்டாம், ஒப்புதல் விதியை மாற்றுங்கள். 'நம்பிக்கைதான் எங்கள் மதிப்பு' என்று சொல்லி மேலாளர் பதவிகளை நீக்கிய பிறகும் சின்னச் செலவுக்குக்கூட எல்லோரும் நிறுவனரிடம் வந்து நிற்கிறார்கள் என்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், மேலாளர் பதவி போனாலும் கையெழுத்துப் போடும் உரிமை நிறுவனரிடமே இருப்பதுதான்.

டொயோட்டாவைப் பாருங்கள். தரம் எல்லோருடைய பொறுப்பு என்பது அங்கே ஒரு கயிறாகவே தொங்கியது: குறையைக் கண்ட தொழிலாளி அதை இழுப்பார், குழுத் தலைவர் வந்து பார்ப்பார், வண்டி வரிசையில் குறித்த இடத்தை அடைவதற்குள் சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும், அதற்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொடங்கிய கூட்டுறவுக் கடையும் இப்படித்தான், சமத்துவத்தை 'பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்ற விதியாக்கியது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது:

1. சமீபத்தில் எடுத்த பத்து முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றும் யாரிடம் எத்தனை நாள் காத்திருந்தது என்று குறியுங்கள்.
2. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதில் ஒரு வகை முடிவை மட்டும் தொகை வரம்போடு குழுவிடம் முழுசாக விடுங்கள்.

அப்புறம், அந்தக் குழு முதல் தடவை தவறும்போது நிறுவனர் முடிவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் இது எதுவும் நிற்காது, அதை முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள். பாதுகாப்பு, சட்டப் பொறுப்பு சம்பந்தப்பட்ட ஒப்புதல்களை மட்டும் இப்படிப் பரவலாக்காதீர்கள்.