லத்தீன் ஆசிரியராக ஆசையா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

களுவாஞ்சிக்குடி, ஏ.எல். மாணவி: மிஸ், இலங்கையில் லத்தீனை எங்கே படிக்கலாம்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் செம்மொழிகள் துறையில் படிக்கலாம் மகள். களனியிலும் மேற்கத்தேய செம்மொழிப் பண்பாடு கற்பிக்கிறார்கள். ஏ.எல். கலைப்பிரிவில் கிரேக்க உரோம நாகரிகம் என்றொரு பாடம் இருக்கிறது. அதில் லத்தீன் மொழி வராது, ஆனால் அந்த உலகம் பழகிவிடும். அகராதியும் இலக்கண நூலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும், அதனால் ஆங்கிலத்தை இப்போதே பலப்படுத்துங்கள்.

கல்லடி மாணவன்: மிகவும் கஷ்டமான மொழியாமே?

நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை தம்பி. இதை நான் அடித்துச் சொல்வேன். 'புவெல்லா ரோசம் அமத்' என்றால் 'சிறுமி ரோஜாவை விரும்புகிறாள்'. சொல் வரிசை அப்படியே தமிழ்! 'ரோசம்' என்பதன் கடைசி 'அம்' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. முதலிரு சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. 'அமோ' என்ற ஒரே சொல்லுக்கு 'விரும்புகிறேன்' என்று பொருள், 'நான்' தேவையில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறும் வேற்றுமை நமக்குப் பழகியது. நம் பிள்ளைகள் தடுக்குவது பால் விஷயத்தில். மேசைக்குப் பெண்பால்! பெயரடையும் அதற்கேற்ப மாறும். அதை மனனம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஆரையம்பதி, ஒரு தகப்பன்: மகனுக்கு வேலை கிடைக்குமா?

ஐயா, அரச பாடசாலையில் லத்தீன் ஆசிரியர் நியமனத்தை நம்பி அனுப்ப வேண்டாம். வரலாறோ ஆங்கிலமோ கூடவே எடுக்கட்டும், பாடசாலை வேலைக்கு அதுதான் கைகொடுக்கும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. கேம்பிரிட்ஜிலும் லண்டன் கிங்ஸ் காலேஜிலும் லத்தீன் ஆசிரியர் பயிற்சியே தனியாக உண்டு. ஆனால் செலவும் விசாவும் பெரிய சுமை, யோசித்து முடிவெடுங்கள்.

அக்கரைப்பற்று மாணவி: நான் முஸ்லிம். இது தேவாலய மொழிதானே மிஸ்?

லத்தீனில் எழுதிய ரோமப் பேச்சாளர் சிசரோ இறந்தது கி.மு. 43இல், கவிஞர் வேர்ஜில் இறந்தது கி.மு. 19இல். அப்போது திருச்சபையே இல்லை. அப்புறம், பிளினி என்ற ரோம எழுத்தாளரின் இயற்கை வரலாற்று நூலில் ஆறாம் பாகத்தைத் தேடிப் பாருங்கள். கிளாடியஸ் பேரரசர் காலத்தில் நம் தீவிலிருந்து ரோமுக்குத் தூதர்கள் போன கதை அதில் வருகிறது. அதை லத்தீனிலேயே வாசிக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது மகள்.

ஏறாவூர் மாணவன்: காசில்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். பேர்சியஸ் இணைய நூலகத்தில் மூல நூல்களும் அகராதியும் இலவசம். ஆனால் முதலில் ஓர் ஆரம்ப இலக்கணப் புத்தகத்தை முழுதாக முடியுங்கள். எடுத்த எடுப்பில் சிசரோவைத் திறந்தால் ஒரே வாக்கியம் பல வரிக்கு ஓடும், வினைச்சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் மனம் விட்டுப்போகும்.