மாத்திரையால் வந்தது உண்மையான மாதவிடாய்தானா?

கேள்வி: எனக்கு வயது 28. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் 16 மி.மீ. தடித்திருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் 10 நாளுக்குப் புரோஜெஸ்ட்டிரான் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. நிறுத்திய மூன்றாம் நாள் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. இது உண்மையான மாதவிடாய்தானா? மாத்திரை பழகிவிட்டால் அப்புறம் தானாக வராது என்கிறார் மாமியார்.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நிறுத்திய பிறகுதான் வந்தது என்று கவனித்திருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

மாதத்தின் முதல் பாதியில் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சுவரை வளர்க்கும். கூடவே, பின்னால் வரப்போகும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்ட்டிரானைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளையும் அந்தச் செல்களில் உண்டாக்கி வைக்கும். முட்டை வெளியானதும் புரோஜெஸ்ட்டிரான் வந்து அந்த ஏற்பிகளில் உட்காரும். உடனே வளர்ச்சி அடங்கும், ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் குறையும், கரு பதிவதற்கேற்பச் சுவர் பக்குவப்படும். கரு வராவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் புரோஜெஸ்ட்டிரான் இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் சுவர் உதிர்வதற்கான உத்தரவு.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் மார்க்கீ இதைக் கண்ணாலேயே பார்த்து 1940-இல் எழுதினார். குரங்கின் கருப்பை உட்சுவரில் துளியை எடுத்து, அதன் கண்ணுக்குள்ளேயே ஒட்ட வைத்தார். (குரங்கின் பாடு தனிக்கதை!) ஹார்மோன் இறங்கியதும் சுருள் சுருளான ரத்தக்குழாய்கள் இறுகி, திசு வெளுத்து, பிறகு ரத்தம் கசிவது கருவிழி வழியாகவே தெரிந்தது.

பி.சி.ஓ.டி.யில் பல மாதங்கள் முட்டை வெளியாவதில்லை. அதனால் புரோஜெஸ்ட்டிரானும் இல்லை. மடை அடைக்க ஆளில்லாத வயல்போல, ஈஸ்ட்ரோஜன் மட்டும் பாய்ந்துகொண்டே இருக்கும், சுவர் தடிக்கும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் செல்கள் கெட்டுப்போகலாம், சிலருக்குப் புற்றுநோய் வரைகூடப் போகலாம். உங்கள் டாக்டர் தடுக்கப் பார்ப்பது அதைத்தான். மாத்திரை புரோஜெஸ்ட்டிரான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது; நிறுத்தியதும் சுவர் உதிர்ந்தது. நிறுத்தி ஒரு வாரத்துக்குள் போக்கு வருவது வழக்கம்தான்.

சரி, உண்மையான மாதவிடாயா? உதிர்ந்தது உங்கள் உட்சுவர்தான், உதிர்ந்த விதமும் அதேதான். ஆனால் அதற்கு முன் முட்டை வெளியானதா என்றால், பெரும்பாலும் இல்லை. குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்றால் இந்த மாத்திரை போதாது; முட்டை வெளியாக வைக்கும் மருந்து பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: இது பழகிப்போகும் மாத்திரை இல்லை. தானாக வராததற்குக் காரணம் பி.சி.ஓ.டி. எடை கூடுதலாக இருந்தால், அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியாவது திரும்புகிறது.

இனி மூன்று மாதம் வராமல் போனால் காத்திருக்க வேண்டாம். மாத்திரை தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, இடையிடையே கசிந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். பயாப்ஸி (உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்னால் அலற வேண்டாம். தடித்த சுவரில் செல்கள் எப்படி இருக்கின்றன என்பதை ஸ்கேன் சொல்லாது, அதற்குத்தான் அது.